மறுத்தவற்றில் தெரியும் மனம்: தஞ்சைச் சுவார்ட்ஸும் ஊழியத்தின் நோக்கமும்

ஓர் ஊழியர் உண்மையுள்ளவர் என்று சொல்வது எளிது. அதை நிறுவுவது கடினம். எந்தப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் பதித்த கல்வெட்டுகள் எல்லாப் போதகர்களையும் ஒரே விதமாகப் புகழ்கின்றன. எல்லாரும் பக்தியுள்ளவர்கள், எல்லாரும் தன்னலமற்றவர்கள். செயலைப் பார்க்கலாம், செயலுக்குப் பின்னால் இருந்த நோக்கத்தை யார் பார்த்தார்கள்? இந்தச் சிக்கலைப் புதிய ஏற்பாடே உணர்ந்திருந்தது போலும். பேதுருவின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் மந்தையை மேய்ப்பவர்களுக்குப் புத்தி சொல்லும்போது, நல்ல நோக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு எதிரான கெட்ட நோக்கத்தோடு இணைத்தே சொல்கிறது. கட்டாயத்தால் செய்யாதே, ஆதாயத்துக்காகச் செய்யாதே, மந்தையை ஆளும் ஆசையால் செய்யாதே என்பது அதன் கருத்து. நல்ல நோக்கத்தை நேரடியாகக் காட்ட முடியாது. ஆனால் ஒருவர் கைக்கு எட்டியதை எடுக்காமல் விட்டார் என்பதைக் காட்ட முடியும். அவர் எதை மறுத்தார், எந்தச் சூழலில் மறுத்தார், மறுத்ததால் எதை இழந்தார் என்று கேட்டால் நோக்கம் ஆய்வுக்குள் வந்துவிடுகிறது. இந்த அளவுகோலை ஒரு மனிதர்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அவர் கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ்.

அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அவருடைய புகழ் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஊழியம் செய்தவர்களில் அவர் அளவுக்குப் பணமும் அதிகாரமும் அருகில் வந்து நின்ற வேறொருவரைச் சொல்வது கடினம். சோதனை வராதவரின் தூய்மையைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது. பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க்கில் 1726-இல் பிறந்த சுவார்ட்ஸ் ஹாலே நகரில் படித்தார். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயிடம் அங்கேயே தமிழ் கற்றார். 1749-இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்க் கட்டிய ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சிராப்பள்ளி, 1778 முதல் தஞ்சாவூர். 1798 பிப்ரவரி 13-இல் இறக்கும் வரை, ஏறத்தாழ 48 ஆண்டுகளில் ஒரு முறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. கட்டாயத்தால் இருந்தவர் அல்லர் என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் தேட வேண்டியதில்லை என்பதால், பேதுருவின் முதல் எச்சரிக்கையை இங்கேயே கடந்துவிடலாம். மற்ற இரண்டும்தான் கனமானவை.

முதலில் பணம். கர்நாடகப் போர்களின் காலத்தில் தென்னிந்தியாவுக்கு வந்த ஐரோப்பியர் பலர் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வர்களாகத் திரும்பினார்கள். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களின் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை நாறியது. அந்தச் சூழலில்தான் திருச்சியில் சுவார்ட்ஸ் மாதம் பத்து பகோடா வருமானத்தில் வாழ்ந்தார். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கட்டில் கொள்ளும் அளவுக்கு அறை, கறுப்புச் சாயம் தோய்த்த சாதாரணத் துணியில் உடை, இவ்வூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும் என்று அவரை நேரில் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். 1764-இல் மதுரையைத் தம் வசம் வைத்திருந்த யூசுப் கானுக்கு எதிரான முற்றுகையின்போது காயம்பட்டவர்கள் நடுவே பணிசெய்தார். அதற்குப் பரிசாக வந்த பணம் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று. படைமுகாமின் போதகராக ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளம் கிடைத்தபோது பாதியைச் சபைக்குத் திருப்பினார். இறக்கும்போது கையில் ஒன்றும் இல்லாத பரதேசியாக அவர் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவரிடம் சொத்து சேர்ந்திருந்தது. ஆனால் அதன் பெரும்பகுதியைத் தஞ்சை மிஷனுக்கே எழுதி வைத்தார். வறுமை அவருக்கு ஒரு கொள்கையாக இருந்ததாகத் தெரியவில்லை. பணம் தம் வழியாகப் போகலாம், தம்மிடம் தங்கக் கூடாது என்பதே அவர் நடைமுறையாக இருந்தது.

இந்தச் சான்றுகளில் பல, மிஷனரிகளும் அவர்களுடைய நண்பர்களும் எழுதியவை. ஹாலேக்கும் மிஷனுக்கு ஆதரவளித்த லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்துக்கும் போன கடிதங்கள் நன்கொடையாளர்கள் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை. அங்கே ஊழியர் நல்லவராகத்தானே தோன்றுவார் என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆகவே அவரைப் புகழ்வதால் எந்த லாபமும் இல்லாதவர்களின் நடத்தையைப் பார்ப்போம். இரண்டாம் மைசூர்ப் போரின்போது தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டில் நெல் இருந்தது. ஆனால் விற்க ஆளில்லை. முன்பு அரசரின் ஆட்களும் கம்பெனியின் ஆட்களும் பணம் கொடுக்காமல் எடுத்துப்போன அனுபவம் மக்களுக்கு இருந்தது. வண்டிமாடு கொண்டுவந்தால் மாடும் திரும்பாது, கூலியும் வராது என்று பயந்தார்கள். அரசரின் வாக்கும் செல்லவில்லை, கவர்னரின் முத்திரையும் செல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் உரியதைத் தம் கையால் கொடுப்பதாகச் சுவார்ட்ஸ் எழுதி அனுப்பிய பிறகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பிறகு அரசாங்க அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடியிருந்த குடியானவர்களை அரசர் அழைத்தார், அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்று அழைத்தபோது ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள்.

இந்த எண்களைச் சொன்னவரும் சுவார்ட்ஸ்தான் என்பதை மறைக்க வேண்டாம். 1793-இல் கம்பெனிச் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது நடந்த விவாதத்தில் மான்ட்கோமரி காம்ப்பெல் என்பவர் மிஷனரிகளையும் அவர்கள் சேர்த்த கிறிஸ்தவர்களையும் இழிவாகப் பேசினார். அதற்குப் பதிலாக 1794-இல் எஸ்.பி.சி.கே.-க்கு எழுதிய கடிதத்தில்தான் இவை வருகின்றன. தற்காப்புக் கடிதத்தில் மிகை இருக்கலாம். என்றாலும் அந்தக் கோட்டையில் இருந்த படையதிகாரிகளும் ரெசிடென்ட் பதவியில் இருந்தவர்களும் உயிரோடிருந்த காலத்தில், அவர்கள் மறுக்கக்கூடிய ஒரு கூற்றை வெளிப்படையாக வைப்பதற்கு உண்மை வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் விஷயம் மாறாது. நெல் வைத்திருந்த குடியானவர் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். சுவார்ட்ஸின் பிரசங்கத்தை அவர்கள் ஏற்றதில்லை, ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. தங்கள் மாட்டையும் நெல்லையும் ஓராண்டுப் பிழைப்பையும் ஒருவருடைய சொல்லுக்காகப் பணயம் வைத்தார்கள். கம்பெனி பின்னால் சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் அவருக்கு நிறுவிய பளிங்குச் சின்னத்தைவிட இந்த நம்பிக்கையை நான் பெரிய சான்றாகக் கொள்கிறேன். தனக்குப் பயன்பட்டவரை எந்த நிறுவனமும் கௌரவிக்கும். ஏமாந்து ஏமாந்து சலித்த குடியானவர் அப்படிச் செய்வதில்லை.

1779-இல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டணப் பயணம் இந்த வழக்கின் மிகக் கடினமான பகுதி. சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்ட், மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் கம்பெனியின் சமாதான எண்ணத்தைத் தெரிவிக்கச் சுவார்ட்ஸை அனுப்பினார். போவதா வேண்டாமா என்று தயங்கி, இரத்தம் சிந்துவதைத் தடுக்க உதவுமானால் அது ஊழியத்துக்கு முரணாகாது என்று அவர் முடிவு செய்தார். வெகுமதி எதுவும் கையில் படக் கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டார். ஹைதர் அவரை மரியாதையோடு வரவேற்றார். அங்கே ஹைதரின் படையில் இருந்த ஐரோப்பியருக்கு ஆராதனை நடத்த இடமும் கொடுத்தார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் வந்தது. திருப்பினால் அவமதிப்பாகும் என்பதால் வாங்கி, சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதல் நிதியாக்கினார். கையைப் பொறுத்தவரை கதை மாசற்றது. ஆனால் மறு ஆண்டே, 1780-இல், போர் மூண்டது. கம்பெனி மீறிய வாக்குறுதிகளை ஹைதர் தம் பதிலில் ஏற்கெனவே பட்டியலிட்டிருந்தார். பாதிரியாரை நம்புகிறேன், அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை என்பது ஹைதரின் நிலை. போர்க்காலத்தில் சுவார்ட்ஸைத் தடையின்றிப் போகவிடுமாறு தம் தளபதிகளுக்கு அவர் உத்தரவிட்டதும் அதையே காட்டுகிறது.

அப்படியானால் அவர் கம்பெனியின் கருவிதானே என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. நாணயமில்லாத ஓர் அரசாங்கம், நாணயமுள்ள ஒரு மனிதரின் பெயரைத் தன் முகப்பில் மாட்டிக்கொண்டது. அவர் அதற்கு இடம் கொடுத்தார். அவருடைய நோக்கம் சமாதானம் என்பதை நான் நம்புகிறேன். அவர் பெற்ற பலன் அதுவல்ல. தனிமனித நேர்மை தன்னை அனுப்பியவரின் நேர்மையின்மையைக் கழுவிவிடாது. ஆனால் இதிலிருந்து அவருடைய நோக்கமே அரசியல் என்று முடிவு கட்டுவது தவறு. கருவியாக இருக்க விரும்பியவர் தமக்கு உரிய பங்கைக் கேட்டிருப்பார். சுவார்ட்ஸ் கேட்டதாகத் தெரிவது தஞ்சையில் தேவாலயம் கட்டச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். தஞ்சை நிர்வாகத்தைச் சீர்செய்யக் கம்பெனி அமைத்த குழுவில் அவரை உறுப்பினராக்கியபோதும், வற்புறுத்தலும் பலாத்காரமும் உள்ள நடவடிக்கையில் தமக்குப் பங்கிராது என்று எல்லை வகுத்துக்கொண்டே சேர்ந்தார். பயன்படுத்தப்பட்டவர் என்பது வேறு, விலைபோனவர் என்பது வேறு. வரலாற்றுத் தீர்ப்பில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

அதிகாரத்தைப் பற்றிய சோதனை 1787-இல் வந்தது. தஞ்சை மன்னர் துளஜா மரணப்படுக்கையில் இருந்தார். பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்து, அவனுக்குப் பாதுகாவலராக இருந்து நாட்டைக் கவனிக்கும்படி சுவார்ட்ஸிடம் கேட்டார். ஓர் ஊழியரின் முன் ஒரு நாடே வைக்கப்பட்ட தருணம் அது. மிஷனுக்கு நிலம், சபைக்குச் சலுகை, அடுத்த மன்னரின் மனம் எல்லாம் கைக்குள் வந்திருக்கும். சுவார்ட்ஸ் மறுத்தார். பொறாமையும் பகையும் சூழ்ந்த அரண்மனையில் சிறுவனைக் காக்கத் தம்மால் ஆகாது என்றும், மன்னரின் சகோதரர் அமர்சிங்கே அதற்கு உரியவர் என்றும் ஆலோசனை சொன்னார். இந்த மறுப்பைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது சுலபம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவன் சரபோஜி. கம்பெனி பண்டிதர்களைக் கேட்டுத் தத்து செல்லாது என்று முடிவெடுத்து அமர்சிங்கையே அரசராக்கியது. சிறுவன் வெளிச்சமில்லாத அறையில் படிப்பின்றி அடைக்கப்பட்டான். தாம் விலக்கிய பொறுப்பின் விளைவைக் கண்ட சுவார்ட்ஸ், பிறகு வருடக்கணக்கில் அந்தச் சிறுவனுக்காக மன்றாடினார். காவல் ஏற்பாடு செய்வித்தார், கல்விக்கு வழி தேடினார், 1793-இல் துளஜாவின் மனைவியரோடு சரபோஜியைச் சென்னைக்கு அனுப்ப வைத்தார். அங்கே கெரிக்கே என்ற மிஷனரியிடம் அவன் படித்தான். சுவார்ட்ஸ் இறந்த சில மாதங்களில், 1798 ஜூன் இறுதியில், சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே உடன்படிக்கை ஒன்றால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சுவார்ட்ஸ் உயிரோடிருந்து தடுத்திருப்பாரா என்று ஊகிப்பதில் பயனில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தந்தையின் நிலையில் நின்று தம்மைக் காத்தவர்மீது எல்லையில்லாத அன்பு கொண்டிருந்தார். சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். அதில் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை அவர் பற்றி நிற்கிறார். சமயத்தில் தம் முன்னோர் வழியிலேயே நின்றார். மனிதரை மதம் மாற்றவே வந்த ஒருவர், தம்மை அப்பா போல் நேசித்த அநாதை அரசகுமாரனின் நன்றியை ஞானஸ்நானமாக மாற்றிக்கொள்ளவில்லை. அவர் தம் விசுவாசத்தை யாரிடமும் மறைத்தவரல்லர். மன்னர்களிடமும் அதைப் பேசினார். ஆனால் கடன்பட்டவனிடம் விசுவாசத்தை வசூலிக்கவில்லை. மிஷனரிகள் எல்லாரும் ஆள்சேர்ப்பவர்கள் என்ற பொதுக் குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதிலை நான் காணவில்லை.

மறுப்பிலும் ஒரு போதை உண்டு என்று கூர்மையான வாசகர் சொல்லலாம். பணத்தை வேண்டாம் என்பவருக்குப் புகழ் கிடைக்கிறது; பதவியைத் தள்ளுபவருக்குப் பெரிய செல்வாக்கு கிடைக்கிறது. அது உண்மையே. அதனால்தான் பார்வையாளர் இல்லாத இடத்து மறுப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. தஞ்சை மராட்டியப் பிராமண விதவை ஒருவர் லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்துவந்தார், ஞானஸ்நானம் கேட்டார். வசதியுள்ளவர், ஆர்வமுள்ளவர், உயர்சாதியினர். எந்த மிஷனரி அறிக்கையிலும் முதல் பக்கத்தில் வரக்கூடிய பெயர். மணமாகாத அந்த உறவு நீடிக்கும்வரை தர முடியாது என்றார் சுவார்ட்ஸ். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான், கிளாரிந்தா என்ற பெயரோடு அவர் சபையில் சேர்ந்தார். பாளையங்கோட்டையில் அவர் கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே அதுதான். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டிருந்தால் முதல் விண்ணப்பத்தையே ஏற்றிருப்பார். அவருடைய அன்றாட வாழ்வும் இதற்குத் துணைச் சான்று. காலையில் உபதேசியார்களோடு ஜெபித்து, இன்ன ஊருக்கு இன்னார் என்று அனுப்பி, மாலையில் அவர்கள் கண்டதையும் பேசியதையும் கேட்பது அவர் வழக்கம். அரண்மனை வேலை இருந்த நாட்களிலும் அவருடைய மனம் தங்கியது இந்த வேலையில்தான். 1790 டிசம்பர் 26-இல் சத்தியநாதன் என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுத்து அவரைத் திருநெல்வேலி ஊழியத்தில் நிறுத்தினார். தம்மிடமே எல்லாம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் தமக்குச் சமமானவரை உருவாக்குவதில்லை.

இதே அளவுகோல்தான் அவருக்கு எதிராகவும் பேசுகிறது; அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை இன்னொரு கல்லறைக் கல்வெட்டு ஆகிவிடும். அவருடைய சபைகளில் வேளாளரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். தரங்கம்பாடிச் சபையிலிருந்தே வந்த வழக்கம் அது. சுவார்ட்ஸ் வருவதற்கு முன்பே, 1741-இல், உழைப்பில் எவருக்கும் குறையாத இராஜநாயக்கன் என்ற உபதேசியாரைப் பறையர் என்பதால் குருவாக்கத் தயங்கி, வேளாளரான தியோகுவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் இதை விரும்பினார் என்று சொல்ல முடியாது. படிப்படியாகக் கரையும் என்று நம்பினார். அந்தக் காலத்து மிஷனரிகள் பலரும் அப்படியே நம்பினார்கள் என்பது விளக்கம் ஆகலாம், நியாயம் ஆகாது. பேதுரு தடுத்த மூன்றாவது பாவம் மந்தையை ஆள்வது. தமக்கென்று அந்த ஆதிக்கத்தை வாழ்நாள் முழுக்க மறுத்தவர், மந்தைக்குள்ளேயே ஒரு பகுதி இன்னொரு பகுதியை ஆள்வதை மறுக்கவில்லை. பணக்காரப் பெண்ணை வாசலில் காத்திருக்க வைக்கும் துணிவு இருந்தவருக்கு, சாதியை வாசலில் நிறுத்தும் துணிவு இல்லாமல் போயிற்று. தஞ்சை நாட்டில் ஆண்டைகள் யார், பண்ணையாட்கள் யார் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

இந்தக் குறை அவருடைய நோக்கத்தைப் பொய்யாக்குகிறதா? இல்லை என்றே நான் முடிவு செய்கிறேன். ஆதாயம், பதவி, புகழ் ஆகிய மூன்றிலும் சான்றுகள் அவர் பக்கமே நிற்கின்றன. அவற்றில் சில அவரை விரும்பக் காரணமில்லாதவர்கள் கொடுத்தவை. ஆனால் உண்மையுள்ள ஊழியர் என்று ஒருவரை ஒப்புக்கொள்வது, அவர் விட்டுச்சென்ற வழக்கத்தை எல்லாம் ஒப்புக்கொள்வது ஆகாது. இந்த வேறுபாட்டைத் தஞ்சைச் சபை கடினமான வழியில் கற்றது. சுவார்ட்ஸ் சிறுவயதில் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து வளர்த்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கங்களை ஒழிக்க முயன்ற புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். அவர் நீட்டிய முதல் ஆதாரமே சுவார்ட்ஸின் காலத்து நடைமுறை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக நீங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, சுவார்ட்ஸ் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் சபையைவிட்டு வெளியேறியவர்கள் ஏராளம்.